செல்டிக்கின் பின்னால் ஐரோப்பா சுற்றுவது எப்படி

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கால்பந்துக் கிளப்பான செல்டிக் ஐரோப்பியக் கோப்பைகளில் ஆடும்போது கூடவே பயணம் போக நினைக்கும் ரசிகருக்கு, ஆட்ட நாளன்று செய்வதற்கு அதிகம் இருக்காது. முக்கால்வாசி வேலை ஜூலையிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் முடிந்திருக்க வேண்டும். பாதி வழியில் மாட்டிக்கொள்பவர்களில் பலர் கையில் காசு வைத்திருப்பவர்கள்தான். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசையில் சறுக்கிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் மற்ற கிளப்புகளான ரேஞ்சர்ஸ், அபர்டீன், ஹார்ட்ஸ் ரசிகர்களுக்கும் இங்கே சொல்வது பொருந்தும். கிளப்பின் டிக்கெட் விதிகள் மட்டும் மாறும்.

ஜூலை: பாஸ்போர்ட்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் இரண்டு தேதிகளைப் பாருங்கள். ஷெங்கன் (உள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நாட்டுக்குள் நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு பத்து ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடாது. நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும். முதல் விதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். 2018-க்கு முன் வாங்கிய பல பாஸ்போர்ட்டுகளில் பழையதில் மிச்சமிருந்த மாதங்களைச் சேர்த்து, பத்து ஆண்டுக்கு மேல் காலாவதித் தேதி போட்டிருப்பார்கள். பாஸ்போர்ட் செல்லும் என்று நினைத்து விமான நிலையம் போனால் செக்-இன் மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை வந்திருக்கிறது. ஒரே விமானத்தில் 180 ரசிகர்கள் இறங்கினால் வரிசை நகராது. திரும்பும்போதும் அதே கவுன்டர் உண்டு என்பதால் காலை விமானத்துக்குக் கடைசி நிமிடத்தில் ஓட வேண்டாம். செல்டிக் ரசிகர்களில் அயர்லாந்து வழிவந்தவர்கள் ஏராளம். தாத்தா பாட்டியில் ஒருவர் அந்தத் தீவில் பிறந்தவர் என்றால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்த்து ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்கலாம். பதிவுக்குப் பல மாதங்கள் ஆகும், ஆனால் அதன்பின் இந்த வரிசையும் கிடையாது, ஷெங்கனில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கும் கிடையாது.

ஸ்காட்லாந்தில் படித்துக்கொண்டோ வேலை செய்துகொண்டோ இருக்கும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். பரிசீலனைக்கே 15 நாள் ஆகும், நேர்காணலுக்கு இடம் கிடைப்பது அதைவிடப் பெரிய தலைவலி. அதனால் தகுதிச் சுற்று வெளியூர் ஆட்டங்களை மறந்துவிட்டு, அட்டவணை வந்த அன்றே நவம்பர், டிசம்பர் ஆட்டங்களுக்கு விண்ணப்பியுங்கள். செர்பியா, துருக்கி, அயர்லாந்து ஷெங்கனில் சேராதவை. அவற்றுக்குத் தனி விதி.

தகுதிச் சுற்று: இரண்டு ஊருக்கும் திட்டம் வையுங்கள்

ஜூலை, ஆகஸ்ட் தகுதிச் சுற்றுகளில் அடுத்த சுற்றின் குலுக்கல் நடக்கும்போது இப்போதைய சுற்றே முடிந்திருக்காது. எதிரணியாக இரண்டு பெயர்கள் வரும், அவற்றில் வெல்பவரோடு மோத வேண்டும். 2025 ஆகஸ்டில் செல்டிக்குக் கிடைத்த ஜோடி ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா, கைரத் அல்மாட்டி. பிராட்டிஸ்லாவா என்றால் வியன்னாவுக்குப் பறந்து ஒரு மணி நேர பஸ் அல்லது ரயில். அல்மாட்டி என்றால் கஜகஸ்தான். அல்மாட்டிதான் என்று 12-ஆம் தேதி இரவுதான் தெரிந்தது. அங்கே ஆட்டம் 26-இல். முன்கூட்டியே இரண்டு வழிகளையும் எழுதிவைத்தவர்கள் அன்றிரவே பதிவு செய்தார்கள். (ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்து பெனால்டியில் செல்டிக் தோற்றது என்பது வேறு சோகம்.) முதல்நிலைக் கோப்பையான சாம்பியன்ஸ் லீகின் ப்ளே-ஆஃபில் (கடைசித் தகுதிச் சுற்று) தோற்றால் அடுத்த நிலைக் கோப்பையான யூரோப்பா லீக் என்பதால் பருவம் அதோடு முடிந்துவிடாது. கையிருப்பு முழுவதையும் ஆகஸ்டில் கரைத்துவிட வேண்டாம்.

குலுக்கல் வாரம்

தகுதிச் சுற்றுக்குப் பின் வரும் லீக் கட்டத்தில் இப்போது 36 அணிகள். சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் இரண்டிலும் எட்டு ஆட்டங்கள், நான்கு வெளியூரில். மூன்றாம் நிலைக் கோப்பையான கான்ஃபரன்ஸ் லீகில் ஆறு, மூன்று வெளியூரில். ஆகஸ்ட் கடைசியில் குலுக்கல் நடக்கும்போது யாரோடு, எங்கே என்பது மட்டும் தெரியும். தேதியும் நேரமும் ஓரிரு நாள் கழித்து வரும். இந்த இடைவெளியில் தேதியை ஊகித்து விமானம் பிடிப்பவர்கள் உண்டு, அது சூதாட்டம். வெளியான பின்னும் ஒரே ஊரில் இரண்டு ஆட்டங்கள் மோதுவது, போலீஸ் மறுப்பது என்று தேதி நகரலாம்.

பட்டியல் வந்த ஒரு மணி நேரத்தில் கிளாஸ்கோ, எடின்பரோவிலிருந்து நேராகப் போகும் விமானங்களின் விலை இரண்டு மூன்று மடங்காகிவிடும். எல்லோரும் ஆட்டம் நடக்கும் ஊரின் பெயரைத்தான் தேடுவார்கள். நீங்கள் அந்த ஊரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் இருக்கும் எல்லா விமான நிலையங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். டார்ட்மண்ட் என்றால் டுசெல்டார்ஃப், கொலோன், ஐந்தோவன், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் வரும். பொலோன்யா என்றால் மிலான், பீசா, வெனிஸ். மிலானிலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரச் சொச்சம். டென்மார்க் கிளப்பான மிட்ஜிலாண்டின் ஊரான ஹெர்னிங்குக்கு பிலுண்ட் விமான நிலையம் அருகில் இருக்கிறது. மலிவு விமான நிறுவனங்கள் ‘மிலான்’ என்று விற்பது பல நேரம் பெர்கமோவில்தான் இறங்கும். அந்த ஊர் அணியான அட்டலாண்டாவோடு ஆட்டம் என்றால் அதுவே லாபம். நெதர்லாந்துக்கு இன்னொரு வழியும் உண்டு: நியூகாசில் பக்கத்து நார்த் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் மாலை ஏறினால் மறுநாள் காலை ஐமுய்டனில் இறக்கிவிடும் கப்பல். ரோட்டர்டாமின் ஃபெயனூர்ட் அணியோடு ஆட்டம் என்றால் நாலு பேர் காரோடு போனால் கணக்கு சரியாக வரும், ஒரு இரவுத் தங்கும் செலவும் மிச்சம்.

திரும்பும் பயணத்தில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. மத்திய ஐரோப்பிய நேரம் 21:00-க்குத் தொடங்கும் ஆட்டம் 22:50 வாக்கில் முடியும். வெளியூர் ரசிகர்களை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை உள்ளேயே நிறுத்திவைப்பார்கள். வெளியே வரும்போது கடைசி ரயில் போயிருக்கும். அன்றிரவு ஊர் மாறும் திட்டம் வேண்டாம். மறுநாள் பத்து மணிக்கு மேல் கிளம்பும் விமானம் எடுங்கள். 18:45 ஆட்டத்துக்கு மட்டும் இதில் கொஞ்சம் தளர்வு உண்டு. தனித்தனியாக வாங்கிய இரண்டு விமானங்களை ஒட்டவைக்கிறீர்கள் என்றால் நடுவில் ஒரு இரவு விடுங்கள். முதலாவது தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, டிசம்பர், ஜனவரி மூடுபனியில் தாமதம் என்பது சாதாரணம். தங்குமிடத்தைக் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாக மட்டும் பிடியுங்கள், ஏனென்றால் டிக்கெட் இன்னும் கையில் இல்லை.

அவே டிக்கெட்

அவே டிக்கெட் என்பது வெளியூர் அணி ரசிகர்களுக்கான டிக்கெட். ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஃபாவின் விதிப்படி வெளியூர் ரசிகர்களுக்கு மைதானக் கொள்ளளவில் 5% ஒதுக்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே உங்கள் வாய்ப்பு தெரிந்துவிடும். ஏறத்தாழ 24,000 இருக்கையுள்ள பெர்கமோவில் 1,200 டிக்கெட். ஹெர்னிங் போன்ற சிறு மைதானத்தில் சில நூறு. செல்டிக்கின் சொந்த மைதானமான செல்டிக் பார்க்குக்கு ஒரு ஆட்டத்துக்கு சுமார் 60,000 பேர் வருகிறார்கள். விலையில் பிரச்சினை இல்லை: 2025-26 பருவத்தில் அவே டிக்கெட்டுக்கு யூஃபா வைத்த உச்சவரம்பு சாம்பியன்ஸ் லீகில் 50 யூரோ, யூரோப்பா லீகில் 35, கான்ஃபரன்ஸ் லீகில் 20.

கிடைப்பதுதான் பிரச்சினை. ஸ்காட்லாந்துக் கிளப்புகளில் பொதுவாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை, அவர்களிலும் முந்தைய வெளியூர் ஆட்டங்களுக்குப் போன பதிவு உள்ளவர்கள் முன்னே, மிச்சம் இருந்தால் குலுக்கல். ஆகவே யாரும் விரும்பாத ஆட்டங்களுக்குப் போங்கள். நவம்பர் குளிரில், தொலைதூரச் சிற்றூரில், தரவரிசையில் கீழே கிடக்கும் அணியோடு நடக்கும் ஆட்டத்தில் சேரும் பதிவுதான் மார்ச்சில் மியூனிக்குக்கோ ரோமுக்கோ கதவைத் திறக்கும். ரசிகர் மன்றங்களுக்கும் பங்கு போவதுண்டு. உள்ளூர் மன்றத்தில் சேர்ந்தால் பஸ் இருக்கையும் கிடைக்கும். அந்த பஸ்ஸில் மது எடுத்துப் போகக் கூடாது. 1980 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டிக் கலவரத்துக்குப் பின் வந்த ஸ்காட்லாந்துச் சட்டம் அது, இன்னும் அமலில் இருக்கிறது.

டிக்கெட் உங்கள் பெயரில் வரும். இத்தாலியில் வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நண்பருக்குக் கைமாற்றினால் அவர் உள்ளே போக முடியாது, உங்கள் பதிவும் அடிபடலாம். சில ஆட்டங்களுக்கு வீட்டுக்கு வருவது வவுச்சர் மட்டும். அதை ஆட்ட ஊரில் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் நேரில் போய் டிக்கெட்டாக மாற்ற வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மூடும் கவுன்டருக்கு மூன்று மணி விமானத்தில் வந்து இறங்கிப் பயனில்லை. எதிரணி ரசிகர் பகுதியில் டிக்கெட் வாங்கிப் பதுங்கிப் போகலாம் என்ற யோசனை வேண்டாம். ஸ்காட்டிஷ் உச்சரிப்பு ஒன்றே போதும் வெளியேற்ற.

அவே ரசிகர்களையே முழுக்கத் தடுப்பதும் நடக்கும். 2022-இல் ரேஞ்சர்ஸ்–நாப்போலி ஆட்டங்கள் இரண்டிலும் வெளியூர் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. விமானத்துக்கு முழுப் பணம் கட்டியவர்கள் நேப்பிள்ஸில் பீட்சா சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான்.

ஊருக்குள்

எங்கே ஆட்டம் என்பதை இரண்டு முறை சரிபாருங்கள். 2022-இல் உக்ரைனின் ஷக்தார் டொனெட்ஸ்கோடு செல்டிக் ஆடிய ‘வெளியூர்’ ஆட்டம் நடந்தது வார்சாவில். மைதானத்தின் பெயரிலும் குழப்பம் வரும்: விளம்பரதாரர் பெயரை யூஃபா ஏற்காது என்பதால் டார்ட்மண்டின் சிக்னல் இடூனா பார்க் டிக்கெட்டில் வேறு பெயரில் இருக்கும். வரைபடத்தில் விளம்பரதாரர் பெயரைத் தேடுங்கள்.

ஸ்காட்டிஷ் வங்கிகளின் பவுண்டு நோட்டுகளைக் மற்ற ஐரோப்பிய நாடுகளின் நாணய மாற்றுக் கடைகள் பெரும்பாலும் வாங்காது. ஊரிலேயே மாற்றுங்கள், அல்லது வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்காத அட்டை வையுங்கள். டென்மார்க், செக், போலந்து, ஹங்கேரி, செர்பியா எல்லாம் யூரோ இல்லாத நாடுகள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர சிகிச்சைக்கு பிரிட்டன் தரும் இலவச ஜிஹெச்ஐசி சுகாதார அட்டை உதவும். துருக்கியிலும் கஜகஸ்தானிலும் அது செல்லாது; பயணக் காப்பீடு எடுங்கள்.

செல்டிக்கின் பச்சை-வெள்ளை வளையச் சட்டையைக் கோபன்ஹேகனில் நாள் முழுக்கப் போடலாம். ரோம், பெல்கிரேடில் ஜாக்கெட்டுக்குள் இருக்கட்டும். 2019 நவம்பரில் லாட்சியோ ஆட்டத்துக்கு முந்தைய இரவு ரோமில் ஒரு பப்பில் செல்டிக் ரசிகர்கள் இருவர் கத்திக்குத்துப் பட்டார்கள். இதுபோன்ற ஊர்களில் போலீஸ் ஒரு கூடுமிடத்தைச் சொல்லும், அங்கிருந்து பஸ்ஸில் கூட்டிப்போகும். அலுப்பாக இருக்கும், ஆனால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் தனியாக நடக்காதீர்கள்.

வாசல் சோதனையில் ஏ4 தாளைவிடப் பெரிய பை போகாது. லைட்டர், நாணயங்கள், பெல்ட், பவர் பேங்க் சில இடங்களில் பறிபோகும், திரும்பக் கிடைக்காது. டிக்கெட் போனில் இருந்தால் சார்ஜ் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் வாசலுக்கு வாருங்கள். பெரிய கொடி, பேனர் வைத்திருந்தால் கிளப் மூலம் முன் அனுமதி வாங்க வேண்டும், இத்தாலியில் இது கட்டாயம். தீப்பந்தம் கொளுத்துபவரின் பக்கத்தில் நிற்காதீர்கள்: கேமரா எல்லோரையும் பிடிக்கும், அபராதம் கிளப்புக்கு, அடுத்த ஆட்டத்தின் அவே டிக்கெட்டுகளே ரத்தாகலாம்.

குலுக்கலில் லிஸ்பன் அணிகளான பென்ஃபிகாவோ ஸ்போர்ட்டிங்கோ வந்தால் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். 1967 மே 25-இல் செல்டிக் இத்தாலியின் இன்டரை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய தேசிய மைதானம் லிஸ்பனுக்கு மேற்கே, காஷ்காயிஷ் ரயில் பாதையில் குரூஸ் கெப்ராடா நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

பிப்ரவரிக்குப் பிறகு

லீக் கட்டத்தில் முதல் எட்டு இடங்கள் நேராகக் கடைசி 16-க்கு. 9 முதல் 24 வரை உள்ளவர்களுக்கு, கடைசி 16-இல் மீதி இடங்களுக்காக இரண்டு ஆட்ட ப்ளே-ஆஃப். 17-இலிருந்து 24-க்குள் முடிந்தால் முதல் ஆட்டம் சொந்த ஊரில், இரண்டாவது வெளியூரில். 2025-இல் செல்டிக் 21-ஆவது. பிப்ரவரி 12 கிளாஸ்கோவில், 18 மியூனிக்கில். ஆறு நாள் இடைவெளி. ஆகவே ஜனவரி கடைசி ஆட்டத்துக்கு முன்பே பட்டியலைப் பார்த்து, எந்த இடத்தில் முடிந்தால் யார் யார் வரக்கூடும் என்று வழிகளை எழுதி வையுங்கள். ஆகஸ்டில் செய்த அதே வேலைதான்.

இறுதிப் போட்டி வந்துவிட்டால் டிக்கெட் இல்லாமலே போகத்தான் போகிறீர்கள். 2003 யூஃபா கோப்பை இறுதிக்கு ஸ்பெயினின் செவில்லேவுக்கு சுமார் 80,000 செல்டிக் ரசிகர்கள் போனார்கள் என்பது கணிப்பு. பெரும்பாலோரிடம் டிக்கெட் இல்லை, கோப்பை போர்ட்டோவுக்குப் போனது. 2022-இல் அதே ஊருக்கு ரேஞ்சர்ஸ் போனபோது மைதானக் கடைகளில் குடிநீர் தீர்ந்து யூஃபா மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. மே மாதத்து அண்டலூசியா வெயிலில் வாசலுக்கு முன்பே வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், தொப்பி போடுங்கள். திரையில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பொதுத் திரையை மட்டும் நம்பாதீர்கள்: 2008-இல் மான்செஸ்டரில் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கூடிய இடத்தில் திரை பழுதாகி, அது கலவரத்தில் முடிந்தது. மதியமே ஒரு பாரில் இடம் பிடியுங்கள்.

செவில்லேவுக்கு நேர் விமானம் கிடைக்காதவர்கள் மலாகா, ஹெரெஸ், ஃபாரோ வழியாக பஸ்ஸில் வருவார்கள். ஃபாரோ போர்ச்சுகலில் இருக்கிறது. அங்கே கடிகாரம் ஸ்பெயினைவிட ஒரு மணி நேரம் பின்னால்: போகும்போது ஒரு மணி நேரத்தை இழப்பீர்கள், திரும்பும்போது திரும்பப் பெறுவீர்கள். பஸ் டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான் அச்சிடப்பட்டிருக்கும்.