இரவுப் படம் மங்கலாக வருகிறதா? நட்சத்திரத்தின் வடிவத்தைப் பாருங்கள்

இரவு நிலக்காட்சி மங்கலாக வந்தால் பலரும் முதலில் கேமராவைக் குறை சொல்வார்கள், அடுத்து ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அமைப்பு). பெரும்பாலும் இரண்டும் காரணமில்லை. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். உப்பிய வட்டமாக இருந்தால் ஃபோகஸ் தவறு. தரைப்பகுதி தெளிவாக இருந்து நட்சத்திரம் மட்டும் குட்டிக் கோடாக நீண்டிருந்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அதிகம். நட்சத்திரம் கொக்கி போல வளைந்தோ இரட்டையாகவோ தெரிந்து, மலை விளிம்பும் கலைந்திருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. கேமராவின் சிறிய திரையில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். அதனால் இந்தச் சோதனையை வீட்டுக்கு வந்தபின் செய்வதைவிட, முதல் படம் எடுத்த உடனேயே செய்வது நல்லது.

அதிகம் நடப்பது ஃபோகஸ் தவறுதான். இருட்டில் ஆட்டோஃபோகஸுக்குப் பிடிமானம் கிடைக்காது. லென்ஸ் முன்னும் பின்னும் துழாவிவிட்டு எங்காவது நின்றுவிடும். இது தெரிந்து மேனுவலுக்கு மாறுகிறவர்களும் ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் (∞, வெகுதூரத்துக்கான நிலை) வைத்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அந்தக் குறியை அப்படியே நம்ப முடியாது. வெப்பநிலை மாறினால் ஃபோகஸ் புள்ளியும் சற்று நகரும். அதற்கு இடம் விட்டு, பல லென்ஸ்களின் வளையம் முடிவிலியைத் தாண்டியும் சுழலும்படி செய்யப்படுகிறது. கடைசிவரை திருப்பினால் சரியான புள்ளியைத் தாண்டிவிடுவீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறந்து, லைவ் வியூவில் (கேமராத் திரையின் நேரடிக் காட்சி) இருப்பதிலேயே பிரகாசமான நட்சத்திரத்தையோ வெகுதூரத்து விளக்கையோ பிடித்து, 10 மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மெல்லத் திருப்பினால் புள்ளி சிறுத்துக்கொண்டே வந்து மறுபடி உப்பத் தொடங்கும். உப்பும்வரை போய்விட்டுத் திரும்பி வந்தால்தான் மிகச் சிறிய நிலை எது என்று உறுதியாகும். அந்த இடத்தில், அதுவரை தெரியாத மங்கலான நட்சத்திரங்களும் பக்கத்தில் தலைகாட்டும். வளையம் நகராமல் டேப் ஒட்டுங்கள். அதன்பின் ஜூமைத் தொட்டாலோ, குளிர் கூடினாலோ மறுபடி பார்த்தே ஆக வேண்டும். சில மிரர்லெஸ் கேமராக்கள் அணைத்து மீண்டும் போட்டாலே ஃபோகஸை மறந்துவிடும்.

நட்சத்திரம் கூர்மையாக இருந்து முன்னால் உள்ள பாறை மட்டும் மங்கினால், ஆழம், அதாவது ஒரே படத்தில் கூர்மையாக அமையும் தூர எல்லை, போதவில்லை என்று பொருள். ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார்) 24 மி.மீ. லென்ஸை எஃப்/2.8 அபெர்ச்சரில் வைத்தால் ஹைப்பர்ஃபோக்கல் தூரம் ஏறக்குறைய 7 மீட்டர். அங்கே ஃபோகஸ் செய்தால் அதில் பாதித் தூரத்திலிருந்து முடிவிலிவரைதான் கூர்மையாக இருக்கும். 2 மீட்டரில் இருக்கும் பாறையும் வானமும் ஒரே படத்தில் கூர்மையாக அமைய வழியே இல்லை. பாறைக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்துப் பிறகு சேர்க்கலாம். அந்த வேலை வேண்டாம் என்றால் பாறையிலிருந்து பின்வாங்கி நில்லுங்கள். தொடக்கத்தில் பின்வாங்குவதே மேல்.

ஷட்டர் நேரத்துக்கு 500 விதியைப் பலரும் சொல்வார்கள்: 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் விநாடிக் கணக்கு வரும். 24 மி.மீ.க்கு 20 விநாடி. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அந்த 20 விநாடியில் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் வான நடுக்கோட்டருகே உள்ள நட்சத்திரம் சுமார் 6 பிக்சல் நீளும். ஃபிலிம் காலத்துக்கு அது போதும், இன்றைய சென்சாருக்குப் போதாது. 500-க்குப் பதில் 300 வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா என்றால் குவியத் தூரத்தை முதலில் 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்க வேண்டும். இதை மறப்பவர்களே அதிகம்.

நேரத்தைக் குறைத்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டத்தான் வேண்டும், அதற்குப் பயப்படாதீர்கள். நிலவில்லாத வானத்துக்கு எஃப்/2.8, 12 விநாடி, ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400-ல் தொடங்கலாம். புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சல் படத்தை மங்கலாக்காது. அதை நீக்குகிறேன் என்று மென்பொருளில் அளவுக்கு மீறி மழுங்கடிப்பதுதான் சின்ன நட்சத்திரங்களையும் சேர்த்து அழிக்கிறது.

டிரைபாட் இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. நடுத்தண்டை உயர்த்தினால் மேல்பாகம் ஆடும், அதை இறக்கியே வையுங்கள். காற்றடித்தால் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், பாய்மரம் மாதிரி இழுக்கும். விரலால் ஷட்டரை அழுத்தாமல் 2 விநாடி டைமரோ ரிமோட்டோ பயன்படுத்துங்கள். இமேஜ் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அசையாத கேமராவில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே மங்கலை உண்டாக்கக்கூடும்.

மூலைகளில் மட்டும் நட்சத்திரம் சிறகு விரித்தது போல் இருந்தால் அது லென்ஸின் கோமா குறைபாடு. அபெர்ச்சரை அரை அல்லது ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் அளவு) மூடினால் பெரும்பாலும் குறையும்.

நேரம் போகப் போக ஒவ்வொரு படமும் முன்னதைவிடப் புகைமூட்டமாக வந்தால், டார்ச் அடித்து லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள், பனி படிந்திருக்கும். துடைத்தாலும் சில நிமிடத்தில் திரும்பிவிடும். கண்ணாடி காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருந்தால் பனி பிடிக்காது. யுஎஸ்பியில் இயங்கும் ஹீட்டர் பட்டையை ஆரம்பத்திலேயே லென்ஸின் முன்பகுதியைச் சுற்றிக் கட்டி, அது சூடேறியபின் ஃபோகஸ் செய்யுங்கள். பாதியில் கட்டினால் ஃபோகஸை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்.