சேதுச் சீமையில் வெள்ளையர் காலம்: எழுதும்போது சறுக்குகிற இடங்கள்

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு எழுதியதைத் திருத்தச் சொல்லிக் கொண்டுவருவார்கள். பாதித் தாள்களில் முதல் வரி ஒன்றேதான்: "வியாபாரம் செய்ய வந்த வெள்ளையன் நாட்டையே பிடித்தான்." தப்பில்லை. ஆனால் நடுவில் நடந்த அத்தனையும் அந்த ஒரு வரியில் காணாமல் போய்விடுகிறது.

வெள்ளையன் என்றாலே இங்கிலீஷ்காரன் என்று நினைப்பதில்தான் சறுக்கல் தொடங்குகிறது. மண்டபம் பக்கத்து வேதாளையில் 1538-லேயே போர்ச்சுக்கீசியருக்கும் முஸ்லிம் கடல் வணிகர்களான மரைக்காயர்களின் படகுகளுக்கும் கடும் சண்டை நடந்தது. போர்ச்சுக்கீசியர் கேட்டது கடலை: முத்துக்குளிப்பு, கப்பல் வழி. 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களுக்கும் கண் அங்கேதான். நிலவரிக்குக் கை நீட்டிய இங்கிலீஷ்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனி அப்புறம் வந்தது.

அடுத்து, எல்லாமே பீரங்கியால் நடந்ததாக எழுதுவது. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சுவரோவியம் ஒன்றில் ஐரோப்பியர்கள் சேதுச் சீமையின், அதாவது ராமநாதபுரத்தின், மன்னர் சேதுபதியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அதே கட்டடத்துக்கு 1798 செப்டம்பரில் கம்பெனிக் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை வரவழைத்து, உட்காரக்கூடச் சொல்லாமல் பாக்கிக் கணக்குக் கேட்டார். பார்க்க வந்தவன் வரச்சொல்கிறவன் ஆனது எப்படி? 1772-ல் ராமநாதபுரத்துக்குக் கம்பெனியின் பீரங்கி வந்தது உண்மைதான். ஆனால் அது ஆர்க்காட்டு நவாபுக்காக வந்த படை. படைக்குக் கம்பெனியை நம்பியிருந்த நவாப் கடனில் மூழ்கினார். கடைசியில் 1792 உடன்படிக்கைப்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனி கைக்குப் போனது. இந்தக் கடன் கதையை யாரும் மேடையில் சொல்வதில்லை. பீரங்கி என்றால் கைதட்டல் கிடைக்கும், வட்டிக் கணக்குக்கு யார் தட்டுவார்கள்?

ஆட்களைத் தியாகி, துரோகி என்று இரண்டு பெட்டியில் அடைப்பது இன்னொன்று. எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான். முத்துராமலிங்க சேதுபதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1772-ல் 12 வயதில் தாயோடு திருச்சியில் சிறை. பிறகு நவாபே விடுவித்து மறுபடி பட்டத்தில் உட்கார வைத்தார். துணி வியாபாரத்திலும் சுங்கத்திலும் கம்பெனியோடு உரசல். அதோடு சிவகங்கையோடும் சண்டை. 1795 பிப்ரவரியில் கம்பெனி அவரை இறக்கிவிட்டு மறுபடி சிறையில் போட்டது. 1809-ல் சென்னையில் கைதியாகவே இறந்தார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1803-ல், உடன்பிறந்த மங்களேசுவரி நாச்சியார் அதே கம்பெனியிடம் ஜமீன் சனது (ஜமீன் உரிமைப் பத்திரம்) வாங்கினார். ஒரே வீடு. எந்தப் பெட்டியில் யாரைப் போடுவீர்கள்?

ராஜாக்கள் மட்டும்தான் எதிர்த்தார்கள் என்ற நினைப்பும் சரியில்லை. சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரரும் அவரோடு சேர்ந்த குடிகளும் 1799-ல் முதுகுளத்தூர் கச்சேரியை, அதாவது கம்பெனியின் அலுவலகத்தை, தாக்கினார்கள். கமுதி, அபிராமம் பக்கம் கம்பெனியின் துணிக் கிடங்குகளில் கைவைத்தார்கள். சேதுபதியின் உரசலும் துணியில், குடிகளின் கோபமும் துணிக் கிடங்கில் என்பதைப் பிள்ளைகள் தாளில் நான் பார்த்ததே இல்லை. மயிலப்பன் 1802-ல் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதோடு இந்தச் சீமை அடங்கிவிட்டது என்று முடிக்கிறவர்கள், 1942-ல் திருவாடானைச் சிறையை ஜனங்கள் உடைத்ததையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் ஒரு பெண்பிள்ளை மயிலப்பனை எடுத்திருக்கிறாள். பழைய முதல் வரியை அடித்துவிட்டு மேலே பென்சிலால் எழுதியிருந்தாள்: "கமுதியில் ஒரு துணிக் கிடங்கு இருந்தது." நான் திருத்தவில்லை.