கேமின் கதையில் எது கணக்கு? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்ற ஆவணியில் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் என் மருமக்கள் இருவர், நல்லூருக்குப் புறப்பட வேண்டிய நேரத்தையும் மறந்து, லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் கேமில் வரும் விக்டர் என்ற பாத்திரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். மனித உடலின் பலவீனத்தை வெறுத்துத் தன் உறுப்புகளைத் தானே இயந்திரமாக மாற்றிக்கொண்டவன் விக்டர் என்பது மூத்தவனின் கட்சி. இளையவனோ, ஹெக்ஸ்கோர் எனும் மந்திரக் கருவியோடு கலந்து உருமாறியவன் என்றான். “அண்ணா சொல்லுறது பழைய கதை மாமா, இப்ப அது கணக்கில்லை” என்று என்னையும் இழுத்தான்.

இருவரும் சொன்னது சரி. ஆண்டைச் சொல்லாததுதான் பிழை. 2009இல் அந்தக் கேம் வெளிவந்தபோது, ஆடுபவரே கதைக்குள் ஓர் அழைப்பாளராகவும், ஆட்டங்கள் நாடுகளின் பிணக்கைத் தீர்க்கும் ஏற்பாடாகவும் இருந்தன. 2014 செப்ரெம்பரில் அதை உருவாக்கிய ரையற் நிறுவனம் அந்த அடித்தளம் முழுவதையும் கைவிட்டது. 2021இல், அந்தக் கேமை வைத்து எடுத்த ஆர்கேன் என்ற தொடர் வந்தது (இளையவன் சொன்ன விக்டர் இதில் வருபவன்தான்); 2024 நவம்பரில் அத்தொடரே இனி மூலக்கதை என்றும், மற்றவை அதற்கேற்பத் திருத்தப்படும் என்றும் நிறுவனம் அறிவித்தது; 2025இன் தொடக்கத்தில் கேமுக்குள் இருந்த விக்டரே புதிய உருவம் பெற்றான். ஆகவே “கதைப்படி அப்படித்தான்” என்று சொல்லும் எவரிடமும், எந்த ஆண்டுக் கதைப்படி என்று கேட்பதே முதல் வேலை.

ஏற்கப்பட்ட இக்கதையை ஆங்கிலம் வழி ‘கனன்’ என்கிறார்கள் (கமராக் கம்பனியை நினைக்க வேண்டாம்). நம்மிடம் இதற்கு நல்ல சொல் உண்டு: திருமுறை. சைவருக்குப் பன்னிரண்டு; கத்தோலிக்கரும் வேதாகமத்தில் ஏற்கப்பட்டவற்றைத் திருமுறை நூல்கள், இணைத்திருமுறை நூல்கள் என்றே வகுப்பர். ஆனால் அங்கே தொகுத்தவர்கள் மறைந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஒன்லைன் கேமிலோ தொகுப்பவர் உயிரோடு இருந்து, ஒவ்வொரு அப்டேற்றிலும் ஏட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

அடுத்த தவறு, கதைமாந்தர் சொல்வதையெல்லாம் உண்மை என எடுத்துக்கொள்வது. கவிக்கூற்று வேறு, மாந்தர் கூற்று வேறு என்று பள்ளியில் படித்த நாமே கேமுக்குள் அதை மறந்துவிடுகிறோம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் வரிசையில் அலுமாரி அலுமாரியாகக் கிடக்கும் புத்தகங்கள் ஒன்றையொன்று மறுப்பது எழுதியவர்களின் கவனக்குறைவு அன்று. அவற்றை எழுதியதாகக் காட்டப்படுபவர்களின் சார்பே அப்படி. வோர்கிராஃப்ட் என்ற கேமின் உலக வரலாற்றைத் தொகுத்து 2016இல் வெளிவரத் தொடங்கிய குரோனிக்கிள் நூல்களை இரசிகர்கள் இறுதித் தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்டார்கள். பின்னர் அது ரைரன்கள் என்ற தெய்வ நிலையினரின் பார்வை மட்டுமே என்று விளக்கம் வந்தது.

இதையும் வெளிப்படையான திருத்தத்தையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. 2002இல் வந்த மூன்றாம் வோர்கிராஃப்டின் கையேட்டில், எரடார் இனத்தின் கொடுமையைக் கண்டு மனமுடைந்தே சார்கெராஸ் என்ற ரைரன் கெட்டான்; 2007இல் வந்த பேர்னிங் குருசேட் என்ற விரிவாக்கத்தில் அவனே எரடாரைக் கெடுத்தவன் ஆனான். கதை எழுதியவர் பழைய கையேட்டைத் திருப்பிப் பார்க்காமல் விட்டதாக ஒப்புக்கொண்டார். இங்கே எவருடைய பார்வையும் இல்லை. பழைய பாடம் நீக்கப்பட்டது, அவ்வளவே.

ஆட முடியாமற்போன பகுதி கதையிலிருந்தும் போய்விட்டது என்று எண்ணுவது இன்னொன்று. டெஸ்ரினி 2 கேமின் முதற் பெருங்கதை 2020 நவம்பரில் அகற்றப்பட்டது; ஆனாலும் அதில் வந்த போர் கதைக்குள் நடந்ததுதான். ஃபைனல் ஃபன்ரசி 14இன் முதல் வடிவம் 2012 நவம்பரில் மூடப்பட்டபோது, ஒரு சந்திரன் விழுந்து உலகைச் சிதைத்ததாகக் காட்டி, மூடியதையே கதையாக்கினார்கள். மறு ஆண்டு வந்த புதிய வடிவம் அந்த அழிவின் பின்னரே தொடங்குகிறது.

நாம் ஆடியதைக் கதை என்று நினைப்பதும் உண்டு. வாரந்தோறும் ஆயிரம் குழுக்கள் கொல்லும் எதிரி கதையில் ஒரே முறைதான் சாகிறான். இதற்குப் பெரிய விலக்கு ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளிக் கேம்: 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்மண்டலத்தில் ஆட்டக்காரர்கள் தமக்குள் மோதி ரைரன் எனப்படும் 75 பெருங்கப்பல்களை இழந்தார்கள், கேமை நடத்துபவர்கள் அவ்விடத்திலேயே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். எழுத்தாளர் எவரும் திட்டமிடாத அந்தச் சண்டை, அவ்வுலகின் மெய்யான வரலாறு.

யூரியூப் விளக்கங்களையும் விக்கிப் பக்கங்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோயிற் புராண படிப்பில் ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வார். பயன் சொல்பவர் சேர்க்கும் கிளைக்கதையைக் கச்சியப்பர் தலையில் எவரும் கட்டுவதில்லை. மேசையில் பகடை உருட்டி ஆடும் வோர்கிராஃப்ட் நூல்களை நிறுவனமே கணக்கில் சேர்ப்பதில்லை; அவற்றிலிருந்து வந்த செய்திகளை இன்னும் மூலமாகக் காட்டுவோர் உண்டு.

நிறுவனம் வாய்மொழியாகச் சொல்வதும் அப்படியே எடுக்கத்தக்கதன்று. வோர்கிராஃப்ட் நிறுவனம் நடத்தும் பிளிஸ்கொன் என்ற இரசிகர் விழாவின் 2010 மேடையில், சிவப்புச் சட்டை அணிந்த இரசிகர் ஒருவர், ஃபோல்ஸ்ராட் என்ற குள்ளர் தலைவன் அவ்வினத்தின் புதிய சபையில் ஏன் இல்லை என்று கேட்டார். அவன் இறந்துவிட்டான் அல்லவா என்று மேடையிலிருந்து திருப்பிக் கேட்டார்கள். இல்லை, உயிரோடுதான் இருக்கிறான் என்றார் அவர். பிறகு ஃபோல்ஸ்ராட் சபையில் அமர்ந்தான். அவன் பக்கத்தில் சிவப்புச் சட்டையோடு ஒரு குள்ளனும், ‘தகவல் சரிபார்ப்பவர்’ என்ற பெயரில், நிறுத்தப்பட்டான்.