ஸ்பெயின் வரலாற்றை நூலில் முடிச்சுப் போட்டுப் படிப்பது எப்படி?

ராஜாக்கள் பட்டியலோடு ஆரம்பிக்காதீர்கள், பெயர்களிலேயே சலித்துவிடும். தர்மபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா பையனுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. பூ கட்டும் நூல் இரண்டேகால் மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துச் சுவரில் இழுத்துக் கட்டுங்கள்.

இடது முனை கி.மு. 218, ரோமானியப் படை ஐபீரியத் தீபகற்பத்தில் (இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் நிலப்பகுதி) இறங்கிய வருஷம். அதற்கு முன்பே ஐபீரியர்களும் கெல்ட்டுகளும், காதிஸ் துறைமுகத்தில் ஃபினீசிய வணிகர்களும் இருந்தார்கள். வட ஸ்பெயினில் கற்கால மனிதர்கள் வரைந்த அல்தமீரா குகை ஓவியங்களைக் குறிக்க வேண்டுமென்றால் நூல் குறைந்தது 14 மீட்டர் இடது பக்கம் போக வேண்டும், அதாவது வீட்டைத் தாண்டித் தெருவுக்கு. ரோமானியர்கள் நாடு முழுவதையும் பிடிக்க 200 வருஷம் ஆனது. இன்றைய ஸ்பானிய மொழி அவர்களுடைய லத்தீனிலிருந்து வந்ததுதான். அடுத்து வந்த விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் தலைநகர் டொலேடோ, இப்போதைக்கு அது போதும்.

93-வது சென்டிமீட்டரில் முதல் பெரிய முடிச்சு: 711. தாரிக் என்ற தளபதியின் தலைமையில் முஸ்லிம் படை வட ஆப்பிரிக்காவிலிருந்து ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடந்தது. இரண்டாவது முடிச்சு 171-ல்: 1492. இப்போது ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் 78 சென்டிமீட்டர். 1492-லிருந்து இன்றுவரை அளந்தால் 53 சொச்சம்தான்! இதைக் கண்ணால் பார்த்த பிறகு, 'அரபுகள் வந்தார்கள், போனார்கள்' என்று ஒரு வரியில் எழுத மனசு வராது.

ஆனால் அந்த 78-ஐயும் ஒரே துண்டாக நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. முஸ்லிம் ஆட்சி எவ்வளவு பரந்திருந்ததோ அந்த அளவுக்குப் பச்சை ஸ்கெட்ச்சால் தீட்டிக்கொண்டே வாருங்கள். 929-ல் கோர்தோபா கலீபகம் (கலீபா ஆளும் அரசு), அங்கே அடர்த்தியாக. 1031-ல் அது சிற்றரசுகளாக உடைகிறது. 1085-ல் டொலேடோ, 1236-ல் கோர்தோபா, 1248-ல் செவில்லா என்று ஒவ்வொன்றாகக் கிறிஸ்தவ அரசர்கள் கைக்குப் போகப் போகப் பச்சை மெலிந்து, கடைசியில் கிரனாடா மட்டும் மிஞ்சும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் ஏறியவர்களுக்கு இது சட்டென்று புரியும், விஜயநகரம், மைசூர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியும் கல் அதே கல்தானே? கோர்தோபாவின் பெரிய மசூதியும் அப்படித்தான், தூண்களை விட்டுவிட்டு நடுவில் தேவாலயம் எழுப்பினார்கள்.

1492-ல் மூன்று முடிச்சு போடுங்கள். ஜனவரியில் கிரனாடா சரண், மார்ச்சில் யூதர்களை வெளியேற்றும் ஆணை, அக்டோபரில் கொலம்பஸ் கரை சேர்ந்தது. பாலக்கோடு மண்டியில் கூடை கூடையாக இறங்கும் தக்காளி அதற்கு முன் அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது, மிளகாயும் அப்படித்தான். அந்தக் கண்டத்து வெள்ளியில் பேரரசு வளர்ந்தது, 1588-ல் இங்கிலாந்து மேல் போன ஆர்மடா என்ற ஸ்பானியக் கப்பற்படை தோற்றது, 1808-ல் நெப்போலியன் நுழைந்தான், 1898-ல் கியூபா, போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் மூன்றும் கைவிட்டுப் போயின. இவற்றுக்குச் சின்ன முடிச்சு போதும்.

அப்புறம் 215-ல் 1936, உள்நாட்டுப் போர். இங்கே மட்டும் நிதானமாகப் படியுங்கள். வட ஸ்பெயினில் உள்ள குவெர்னிகா ஊரின் மீது ஃபிராங்கோ தரப்புக்கு உதவ வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டது 1937 ஏப்ரல் 26. போர் முடிந்த 1939-லிருந்து 1975-ல் சாகும்வரை, அந்தப் போரில் வென்ற தளபதி ஃபிராங்கோவின் சர்வாதிகாரம், நூலில் மூன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான், ஆனால் ஒரு தலைமுறையே அதற்குள் வாழ்ந்து முடித்துவிட்டது. அதை ஒட்டியே 1978, ஜனநாயக அரசமைப்புச் சட்டம். 1975, 1978 இரண்டு முடிச்சும் கிட்டத்தட்ட ஒன்றோடொன்று உரசும், பரவாயில்லை, தனித்தனியாகவே போடுங்கள்.