ஆங்கிலம் வாசிக்கப் பழக்க, முதலில் தமிழ் வழி அறிவியல்

பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பு பழக்கத் தனியாகப் புத்தகம் வாங்க வேண்டாம். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் அவர்கள் வகுப்பு அறிவியல் நூலைத் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல் கழகத்தின் தளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பத்தியைத் தமிழில் படித்து, பிள்ளை அதைத் தன் வாயால் சொன்ன பிறகு, அதே பத்தியை ஆங்கிலத்தில் வாசிக்கவிடுங்கள்.

இரண்டிலும் பாடம் ஒன்று, படமும் பெரும்பாலும் ஒன்று. இலை வெயிலில் உணவு தயாரிக்கிறது என்பது முன்பே புரிந்துவிட்டதால், ஆங்கில வரியில் புதிதாக இருப்பது மொழி மட்டும்தான். தெரியாத சொல்லைக்கூட படத்தில் அம்புக்குறி போகும் இடத்தைப் பார்த்து ஊகித்துவிடுவார்கள். நடுவில் அகராதியைத் திறக்கவிடாதீர்கள், வேகம் போய்விடும். பத்தி முடிந்ததும் பார்த்தால் போதும்.

மொழிப்பாடங்களுக்கு இது சரிவராது. தமிழ், ஆங்கிலப் புத்தகங்களில் பாடங்களே வேறு. இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கும் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். அப்புறம், பேச்சு ஆங்கிலத்துக்கும் இதை நம்பாதீர்கள். பாடப்புத்தக நடையில் யாரும் கடையில் பேசுவதில்லை.