டெக்னோ திரில்லரில் அரசியலைப் பிடிப்பது எப்படி?
டெக்னோ திரில்லர் என்றால் ஆயுதம், தொழில்நுட்ப விவரங்களோடு ஓடும் பரபரப்பு நாவல். அதைப் பென்சிலோடு படியுங்கள். ஆயுதத்தின் எடை, வேகம் வந்தால் கோடு. எதிரி ஏன் சண்டைக்கு வந்தான் என்று சொன்னால் வட்டம். வெறி, பழி என்று மட்டும் இருந்தால் அது காரணமில்லை, வட்டம் போடாதீர்கள். இங்கேதான் பலரும் தவறுவார்கள். பெரும்பாலும் வட்டம் இரண்டு தேறினாலே அதிசயம்.

சந்தேகமா? நம்ம வேலூர்க் கோட்டையிலேயே சோதியுங்கள். 1806 ஜூலை 10 அன்று பிரிட்டிஷாரை எதிர்த்து இந்தியச் சிப்பாய்கள் செய்த கலகத்தை இந்தப் பாணியில் எழுதினால், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்துவரும் பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பிதான் நாயகன். கதவைத் தகர்க்கும் பீரங்கிக்கு ஒரு பக்கம். புதுத் தலைப்பாகை, தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் வந்த தடை என்ற சிப்பாய்களின் காரணம் காணாமல் போகும்.

அடுத்து, கதையில் வரும் இவர்களைப் பாருங்கள்: தயங்கும் அமைச்சர், ஃபைலைக் கிடப்பில் போடும் அதிகாரி, சட்டம் பேசும் வக்கீல். இவர்கள் சொன்னது ஒருமுறைகூடச் சரியாகவில்லையா? விதியை மீறும் வீரனுக்கே எழுத்தாளர் ஓட்டுப் போட்டுவிட்டார்.