மத நம்பிக்கையால் சிகிச்சையை மறுக்கும்போது நடக்கும் தவறுகள்

மத நம்பிக்கைக்காகச் சிகிச்சை வேண்டாம் என்பவர்கள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, ரத்தம் ஏற்ற மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். இவர்களைப் பற்றிய வழக்குகளைப் படித்தால் ஒன்று கண்ணில் படும்: நோயாளி பேச வேண்டிய இடத்தில் வேறு யாரோ பேசிவிடுகிறார்கள். மருத்துவர், அம்மா, நீதிபதி, சில சமயம் நோயாளியே என்றோ கையெழுத்துப் போட்ட ஒரு தாள்.

முதல் தவறு, 'ரத்தம் வேண்டாம்' என்பதை 'சிகிச்சையே வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வது. 2018-இல் ஸ்பெயினில் உள் ரத்தக்கசிவோடு ஒரு பெண்ணை சோரியாவிலிருந்து மாட்ரிட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் ஏற்றக் கூடாது என்று அவர் முன்பே எழுதிப் பதிவு செய்திருந்தார். மாட்ரிட் மருத்துவர்களோ, எல்லாச் சிகிச்சையையும் மறுக்கும் நோயாளி வருகிறார் என்று நீதிபதிக்குத் தெரிவித்து அனுமதி வாங்கிவிட்டார்கள். அந்தப் பெண் வந்து சேர்ந்தபோது சுயநினைவோடு இருந்தார். ஆனாலும் யாரும் அவரிடம் கேட்கவில்லை, நீதிபதியின் உத்தரவைச் சொல்லவும் இல்லை; ரத்தம் ஏற்றிவிட்டார்கள். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. நீதிபதிக்குப் போன தகவலே குறைபாடானது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் முக்கியமான பகுதி.

நோயாளிகளும் இதே தவறைச் செய்கிறார்கள். முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா ஆகியவற்றை யெகோவாவின் சாட்சிகள் ஏற்பதில்லை. ஆனால் ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், உறைதல் காரணிகள் போன்ற, ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரதப் பொருட்களை ஏற்பதா வேண்டாமா என்பது அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டது. அறுவையின்போது சிந்தும் சொந்த ரத்தத்தைச் சுத்தப்படுத்தி, தொடர் சுற்றாகத் திருப்பிச் செலுத்தும் முறையும் அப்படித்தான். ரத்தக்குழாய் வழியாக இரும்புச்சத்து, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின், ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்று வேறு வழிகளும் உண்டு. 'ரத்தம் கூடாது' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால், நடுராத்திரி பணியில் இருக்கும் மருத்துவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் சரி, வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

மற்ற மதத்தவருக்கும் இது பொருந்தும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. மாத்திரைக் கூடுகளின் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து வருகிறது. மருந்தை வாங்கிச் சத்தமில்லாமல் குப்பையில் போடுவதைவிட, மாற்று உண்டா என்று கேட்பது மேல். பல சமயம் இருக்கும்.

அடுத்தது, நினைவிழந்த நோயாளி. விபத்தில் அடிபட்டு வந்தவரின் பையில் 'எந்த நிலையிலும் ரத்தம் ஏற்ற வேண்டாம்' என்ற கையெழுத்திட்ட அட்டை இருந்தது. உயிரைக் காப்பாற்றவே மருத்துவர் ரத்தம் ஏற்றினார், காப்பாற்றவும் செய்தார். ஆனாலும் அது சம்மதமில்லாமல் உடலைத் தொட்ட அத்துமீறல் என்று சொல்லி, 20,000 டாலர் இழப்பீட்டை 1990-இல் கனடாவின் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. சிகிச்சையில் கவனக்குறைவு ஏதும் இல்லை என்றாலும் முடிவு இதுதான். அவசரநிலை என்ற காரணம், நோயாளியின் விருப்பம் தெரியாதபோதுதான் செல்லும்.

அதற்காக, எழுதிய தாள் என்றென்றைக்கும் பேசும் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் 2003-இல் ஒரு வழக்கு. ரத்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த இளம்பெண், பிறகு ஒரு முஸ்லிமை மணக்க நிச்சயமாகி, மதம் மாறவும் ஒப்புக்கொண்டிருந்தார். தாளை மட்டும் ரத்து செய்யவில்லை. அவர் நினைவிழந்து ரத்தம் தேவைப்பட்டபோது அப்பா நீதிமன்றம் போனார், அந்தத் தாள் இனிச் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மனம் மாறினால் தாளையும் மாற்றுங்கள், மாறாவிட்டாலும் அவ்வப்போது புதுத் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். இங்கிலாந்தின் 2005 சட்டப்படி, உயிர்காக்கும் சிகிச்சையை முன்கூட்டியே மறுக்கும் ஆவணத்தில் கையெழுத்தும் சாட்சியும் வேண்டும். 'உயிருக்கு ஆபத்து என்றாலும்' என்ற கருத்தும் அதில் வெளிப்படையாக இருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால் உங்கள் நாட்டில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

உறவினர் முன்னிலையில் வரும் 'வேண்டாம்' என்ற சொல்லை அப்படியே குறித்துக்கொள்வது மருத்துவர்கள் செய்யும் தவறு. 1992-இல் இங்கிலாந்து நீதிமன்றம் விசாரித்த வழக்கில், கர்ப்பிணிப் பெண் ஒருவர் தன் அம்மாவோடு தனியாக இருந்த பிறகு ரத்தம் வேண்டாம் என்றார். அம்மா யெகோவாவின் சாட்சி, மகள் அந்தச் சபையின் உறுப்பினர் அல்ல. கையெழுத்து வாங்கிய படிவத்தை யாரும் அவருக்கு விளக்கவும் இல்லை. அந்த மறுப்பு செல்லாது என்றானது. நோயாளியிடம் தனியாகப் பேசுங்கள். மொழிபெயர்க்க வேண்டுமென்றால் சொந்தக்காரரைக் கூப்பிடாதீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. முடிவு நமக்கு முட்டாள்தனமாகத் தெரிகிறது என்பதற்காக, முடிவெடுக்கும் திறன் நோயாளிக்கு இல்லை என்று எழுதிவிட முடியாது. விளைவைப் புரிந்துகொண்டு, யோசித்து, பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி.

குழந்தைகள் விஷயம் வேறு. பெற்றோர் தாங்கள் தியாகியாகலாம், பிள்ளையைத் தியாகியாக்க முடியாது என்ற கருத்தை 1944-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவ வழக்குகளில் இதை அடிக்கடி காட்டுவார்கள், ஆனால் அந்த வழக்கு தெருவில் மதப் பத்திரிகை விநியோகித்த சிறுமியைப் பற்றியது! வளர்ந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை, 16 வயதுக்குக் குறைந்தவரானாலும் அவருடைய முதிர்ச்சிக்கு ஏற்ப அவர் கருத்துக்கு எடை தர வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது. ஆக, பெற்றோர் மறுத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. மறுக்கும் உரிமை, கேட்டதைத் தரச் சொல்லும் உரிமை ஆகாது. ரத்தமில்லாமல் அறுவை செய்ய ஒரு மருத்துவர் தயங்கினால், அவசரமில்லாத நேரத்தில் வேறொருவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். 'மருத்துவர் ஆலோசனையை மீறிச் செல்கிறேன்' என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களும், உடம்பு மோசமானால் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடாமல் திரும்பி வரலாம். அந்தக் கையெழுத்து அன்றைய மறுப்புக்கு மட்டும்தான்.